21 இலக்க எண்ணிடம் என்னென்ன கேட்கலாம்: பாரி/ஜிபி மென்பொருள் மதிப்புரை

பெரிய முழு எண் ஒன்றைக் கொடுத்து "இது என்ன வகை?" என்று கேட்டால், அந்த ஒரு கேள்விக்குள் பல கேள்விகள் அடங்கியிருக்கின்றன. பகா எண்ணா, பகு எண்ணா? காரணிகள் எவை? மொத்தம் எத்தனை வகுத்திகள்? அவற்றைக் கூட்டினால் எண்ணின் இருமடங்கைத் தாண்டுகிறதா, எட்டாமல் நிற்கிறதா, சரியாக வருகிறதா? முழுவர்க்கமா? இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? பன்னிரண்டு, பதின்மூன்று இலக்கம் வரை இணையத்தில் கிடைக்கும் எந்தக் கணிப்பானும் இவற்றுக்குப் பதில் சொல்லிவிடும். அதற்கு மேலே போகும்போதுதான் கருவிகளின் தரம் பிரிந்து தெரியும்.

பாரி/ஜிபி எண் கோட்பாட்டுக்கென்றே எழுதப்பட்ட இலவச மென்பொருள். பிரான்சின் போர்தோ நகரில் 1980களில் ஆன்றி கோஹனும் அவருடைய குழுவினரும் தொடங்கியது. இப்போது கரீம் பெலபாஸ் தலைமையில் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் வருவதால் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. 'பாரி' என்பது சி மொழியில் எழுதிய நூலகம். 'ஜிபி' என்பது அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கட்டளைச் சாளரம். நாம் தட்டச்சு செய்வது ஜிபியில்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏறக்குறைய 80 இலக்கம் வரை உள்ள எண்ணின் குணங்களை முழுதாக அலச, தனி ஒரு கருவியாக இதைவிடச் சிறந்ததைப் பரிந்துரைக்க முடியாது. அதற்கு மேல் சில கேள்விகளுக்கு நொடியில் பதில் வரும், சில கேள்விகளுக்கு வரவே வராது. எது எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்குத்தான் இந்த மென்பொருள் முழுப் பலன் தரும்.

நிறுவுவதும் எண்ணை உள்ளிடுவதும்

லினக்ஸில் தொகுப்பு மேலாளர் வழியாக ஒரே கட்டளையில் வந்துவிடும். விண்டோஸுக்குத் தனி நிறுவி உண்டு. எதையும் நிறுவாமல் முயன்று பார்க்க உலாவியில் ஓடும் வடிவமும், ஆண்ட்ராய்டு கைபேசிக்குப் பாரிட்ராய்டு செயலியும் இருக்கின்றன. உலாவி வடிவம் சிறு சோதனைகளுக்குப் போதும். 50 இலக்கத்துக்கு மேல் காரணிப்படுத்தப் போகிறவர்கள் கணினியில் நிறுவிக்கொள்வதே நல்லது.

திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை நினைவக வரம்பை உயர்த்துவது. தொடக்கத்தில் ஒதுக்கப்படும் நினைவக அடுக்கு சிறியது. பெரிய கணக்கு நடுவழியில் 'அடுக்கு நிரம்பி வழிகிறது' என்ற பிழையுடன் நின்றால் கணக்கில் தவறு என்று பொருளில்லை. 'பாரிசைஸ்மேக்ஸ்' என்ற அமைப்பை 1 கிகாபைட் அளவுக்கு உயர்த்தினால் பெரும்பாலான வேலைகளுக்கு இந்தத் தொல்லை தீரும். அதை ஜிபியின் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

எண்ணை உள்ளிடும்போது புதியவர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று. 10^20 என்று எழுதினால் முழு எண். அதையே அறிவியல் குறியீட்டில், நடுவே அடுக்கு எழுத்துப் போட்டு எழுதினால் ஜிபி அதை மெய்யெண்ணாக எடுத்துக்கொள்ளும், காரணி கேட்டால் மறுத்துவிடும். இரண்டாவது, வகுத்தல் குறி. சாதாரணச் சாய்கோடு பின்னத்தைத் தரும், பின்சாய்கோடுதான் ஈவை மட்டும் தரும். மூன்றாவது வர்க்கமூலம். மெய்யெண் கணக்குகளுக்கு இயல்பான துல்லியம் 38 இலக்கம். 100 இலக்க எண்ணின் வர்க்கமூலத்தை மெய்யெண்ணாக எடுத்து "முழு எண் போலத்தான் தெரிகிறது, ஆகவே இது முழுவர்க்கம்" என்று முடிவு கட்டினால் தவறாகப் போகும். அதற்கென்றே 'இஸ்ஸ்குவேர்' கட்டளை இருக்கிறது. அது முழு எண் கணக்கிலேயே சோதிக்கும், எத்தனை இலக்கமானாலும் பதில் சரியாக இருக்கும். கேட்டால் மூலத்தையும் கூடவே தரும்.

முதல் சோதனை: 2^67 − 1

இந்த மாதிரி மென்பொருளைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான எண் கிடைப்பது அரிது. விரித்தால் 147573952589676412927. 21 இலக்கம். 2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்த எண்களை ஆராய்ந்த 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் மெர்சென், தன் பட்டியலில் இதைப் பகா எண் என்று சேர்த்திருந்தார். 1876இல் லூக்கா இது பகு எண் என்று நிறுவினார், ஆனால் காரணி எதையும் காட்டவில்லை. 1903இல் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721 × 761838257287 என்ற பெருக்கலை வெளியிட்டார். பகு எண் என்று தெரிந்த பிறகும் காரணி தெரிய 27 ஆண்டுகள். இந்த இடைவெளிதான் பாரி/ஜிபியைப் பயன்படுத்தும்போது மனத்தில் இருக்க வேண்டிய அடிப்படை உண்மை: ஓர் எண் பகாதா என்று சோதிப்பது ஒரு வேலை, அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பது முற்றிலும் வேறு வேலை.

ஜிபியில் 'ஃபேக்டர்' கட்டளை இந்த எண்ணை உடனே உடைத்து, இரண்டு வரிசை கொண்ட அட்டவணையாகத் தருகிறது. இடது நிரலில் பகாக் காரணி, வலது நிரலில் அதன் அடுக்கு. இங்கே இரண்டு அடுக்கும் 1. பதிலைக் கையாலும் சரிபார்க்கலாம். 2^67 − 1இன் எந்தப் பகாக் காரணியையும் 134ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும். 193707720 = 134 × 1445580. 761838257286 = 134 × 5685360129. மேலும் காரணிகளை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். முதலாவது 1, இரண்டாவது 7. சரியாக இருக்கிறது.

இதே எண் இன்னொரு பொறியையும் காட்டிக்கொடுக்கிறது. ஃபெர்மாவின் சிறு தேற்றத்தை வைத்துச் சோதிக்கும் எளிய நிரல்கள் பல உலவுகின்றன. எண்ணை 'ந' என்று வைத்துக்கொண்டு, 2ஐ (ந − 1) அடுக்குக்கு உயர்த்தி, ந-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. ஒற்றைப் பகா எண் என்றால் 1 வந்தே ஆக வேண்டும். 2^67 − 1 இந்தச் சோதனையில் தேறிவிடும். காரணம் எளிது. ந − 1 = 2 × (2^66 − 1), இது 67ஆல் வகுபடும். 2^67ஐ ந-ஆல் வகுத்தால் மீதி 1. ஆக மொத்தத்திலும் மீதி 1தான் வரும். 2ஐ அடிமானமாகக் கொண்ட வலுவான மில்லர்–ராபின் சோதனையிலும் இது தேறும். மெர்சென் வடிவத்தில் உள்ள, அடுக்கு பகா எண்ணாக இருக்கும் எல்லாப் பகு எண்களும் இப்படித்தான் தப்பிக்கும். பாரி/ஜிபியின் 'இஸ்சூடோபிரைம்' ஏமாறுவதில்லை. அது அடிமானம் 2 சோதனையோடு லூக்கா வகைச் சோதனை ஒன்றையும் சேர்த்து நடத்துகிறது. பெய்லி, பொமெரன்ஸ், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் ஆகிய நால்வரின் பெயரால் வழங்கும் கூட்டுச் சோதனை இது. முதல் பாதியைத் தாண்டிவரும் 2^67 − 1 இரண்டாம் பாதியில் மாட்டிக்கொள்கிறது.

மேலே சொன்ன ஃபெர்மா சோதனையை ஜிபியில் நீங்களே செய்து பார்க்க விரும்பினால் ஒரு கவனம் தேவை. 2ஐ முழுதாக அடுக்கேற்றிவிட்டுப் பிறகு மீதி எடுக்கச் சொல்லி எழுதக் கூடாது. 21 இலக்க அடுக்கு கொண்ட எண்ணை எந்தக் கணினியின் நினைவகமும் தாங்காது, பிழைதான் வரும். 'மாட்' கட்டளையால் 2ஐ முதலில் ந-ஆல் வகுத்த மீதியாக வைத்து, அதன் பின் அடுக்கேற்ற வேண்டும். அப்போது ஒவ்வொரு படியிலும் மீதி எடுத்துக்கொண்டே போகும், பதில் நொடிக்குள் வரும்.

ஒரே அடிமானத்தை நம்பக் கூடாது என்பதற்கு 3215031751 இன்னொரு சாட்சி. 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிமானங்களிலும் வலுவான சோதனையில் தேறும் இந்த எண் உண்மையில் 151 × 751 × 28351. இது கார்மைக்கேல் எண்ணும்கூட, அதாவது தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்திலும் ஃபெர்மா சோதனையில் தேறிவிடும் பகு எண். 150, 750, 28350 மூன்றும் 3215031750ஐ மீதியின்றி வகுக்கும். கார்மைக்கேல் எண்ணா என்று நேரடியாகச் சொல்லும் கட்டளை ஜிபியில் இல்லை. காரணி அட்டவணையை எடுத்து, எல்லா அடுக்கும் 1 என்றும், ஒவ்வொரு காரணியிலும் ஒன்றைக் கழித்தது ந − 1ஐ வகுக்கிறது என்றும் சோதிக்கும் ஒரு வரி நிரல் போதும்.

எது உடனே வரும், எது வராது

எண்ணின் குணங்களை இரண்டு குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காரணி தெரியாமலே சொல்லக்கூடியவை ஒரு குவியல். பகா எண்ணா, முழுவர்க்கமா, கன எண்ணா, வேறு ஏதேனும் முழு அடுக்கா, முக்கோண எண் போன்ற பலகோண எண்ணா, இலக்கக் கூட்டுத்தொகை என்ன, இரும வடிவில் எத்தனை ஒன்றுகள், இன்னொரு எண்ணோடு மீப்பெரு பொது வகுத்தி என்ன என்பவை இதில் அடங்கும். 500 இலக்க எண்ணைக் கொடுத்தாலும் இவற்றுக்கு ஜிபி தயங்காது. இரண்டாவது குவியலில் வகுத்திகளின் எண்ணிக்கை, வகுத்திகளின் கூட்டுத்தொகை, ஆய்லரின் சார்பு (எண்ணுக்குள் அதனோடு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்பது), மோபியஸ் மதிப்பு (வர்க்கக் காரணி இருந்தால் 0, இல்லாவிட்டால் பகாக் காரணிகள் இரட்டைப்படையில் இருந்தால் 1, ஒற்றைப்படையில் இருந்தால் −1), வர்க்கக் காரணி இல்லாததா என்ற கேள்வி, மிகை எண்ணா குறை எண்ணா (வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணின் இருமடங்கைத் தாண்டுகிறதா, எட்டாமல் நிற்கிறதா) என்ற கேள்வி ஆகியவை. இவை எல்லாவற்றுக்கும் ஜிபி உள்ளுக்குள் காரணிப்படுத்தியே ஆக வேண்டும். வர்க்கக் காரணி இல்லாததா என்பது எளிய கேள்வி போலத் தோன்றும். அதற்கும் காரணிப்படுத்தலைத் தவிர வேறு வேகமான வழி இதுவரை யாரிடமும் இல்லை.

ஆகவே சாளரம் பதில் தராமல் நின்றுவிட்டால் மென்பொருள் உறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் குவியலிலிருந்து எதையோ கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சில கேள்விகள் பார்வைக்கு இரண்டாம் குவியல் போல இருந்தாலும் சில எண்களுக்கு முதல் குவியலிலேயே முடிந்துவிடும். 2^67 − 1ஐ 8ஆல் வகுத்தால் மீதி 7. ஆகவே இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுத முடியாது, மூன்று வர்க்கங்களின் கூட்டலாகவும் முடியாது. நான்கு வேண்டும். காரணி தெரியாமலே இது உறுதி. மீதி வேறாக இருந்தால் இரண்டு வர்க்கக் கேள்விக்குக் காரணிகள் தேவைப்படும்.

இங்கே பாரி/ஜிபியின் மிக நல்ல வசதி ஒன்றைச் சொல்ல வேண்டும். கையேட்டின் நடுவே கிடப்பதால் பலரும் இதைப் பார்ப்பதில்லை. 'சிக்மா', 'நம்டிவ்', 'ஆய்லர்ஃபை', 'மோபியஸ்' என்று ஒவ்வொன்றாக ஒரே எண்ணுக்குக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து காரணிப்படுத்தும். 70 இலக்க எண்ணுக்கு இது கொடுமையான காலவிரயம். ஒரே ஒரு முறை 'ஃபேக்டர்' ஓட்டி, அட்டவணையை ஒரு மாறியில் சேமித்து, எண்ணுக்குப் பதிலாக அந்த அட்டவணையையே இந்தக் கட்டளைகளுக்குக் கொடுங்கள். அத்தனையும் அதை ஏற்றுக்கொள்ளும், எல்லாப் பதிலும் கணத்தில் வரும். 2^67 − 1க்கு இப்படிக் கேட்டால்: வகுத்திகள் 4, அவற்றின் கூட்டுத்தொகை 147573953351708377936, ஆய்லர் மதிப்பு 147573951827644447920, மோபியஸ் மதிப்பு 1. கூட்டுத்தொகை எண்ணின் இருமடங்குக்கு வெகு கீழே நிற்பதால் இது குறை எண். இலக்கக் கூட்டுத்தொகை 109. அது பகா எண், மேற்கண்ட இரண்டு காரணிகளில் ஒன்றும் இல்லை. எனவே இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் ஹர்ஷத் எண் வகையிலும் இது சேராது.

நிரூபணமா, நம்பிக்கையா

பாரி/ஜிபி பற்றி நமக்கு இருக்கும் ஒரே பெரிய மனக்குறை இந்த இடத்தில்தான். 'இஸ்பிரைம்' கட்டளை சொல்லும் பதில் நிரூபணம். 'இஸ்சூடோபிரைம்' சொல்வது மிக மிக வலுவான நம்பிக்கை. 'ஃபேக்டர்' அட்டவணையில் வரும் பகா எண்கள், அமைப்பை மாற்றாத வரை, இரண்டாவது வகை. கையேட்டில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் அட்டவணையில் எந்தக் குறிப்பும் இருக்காது. பார்ப்பவர் அதை நிரூபணம் என்றே எடுத்துக்கொள்வார்.

நடைமுறையில் எவ்வளவு ஆபத்து? 2^64, அதாவது 18446744073709551616க்குக் கீழே எந்த விதிவிலக்கும் இல்லை என்று ஒன்று விடாமல் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. அந்த எல்லைக்குள் கூட்டுச் சோதனையே நிரூபணம். எல்லைக்கு மேலும் இதுவரை ஒரு விதிவிலக்குகூடக் கண்டுபிடிக்கப்பட்டதில்லை. ஆனாலும் இல்லை என்று யாரும் நிறுவவில்லை. கட்டுரையிலோ பாடநூலிலோ போடப் போகும் காரணிப்படுத்தல் என்றால் 'ஃபேக்டர்_ப்ரூவன்' அமைப்பை 1 ஆக்கிவிட்டு ஓட்டுங்கள். 60, 70 இலக்கக் காரணிகளுக்கு இதனால் கூடும் நேரம் உணரவே முடியாத அளவு.

'இஸ்பிரைம்' உள்ளே நடப்பது அழகான ஏற்பாடு. முதலில் கூட்டுச் சோதனை. பகு எண் என்றால் அங்கேயே வேலை முடிந்தது. தேறினால், ந − 1இன் காரணிகள் எளிதில் கிடைக்கும் எண்ணுக்கு அதை வைத்தே நிரூபணம். கிடைக்காவிட்டால் நடுத்தர அளவுக்கு ஏபிஆர்-சிஎல் முறை. சுமார் 1500 பிட்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 450 இலக்கத்துக்கு மேல், நீள்வட்ட வளைவு நிரூபணம். 2^127 − 1 போன்ற 39 இலக்கப் பகா எண்ணுக்குக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. 1000 இலக்கம் என்றால் 'இஸ்சூடோபிரைம்' உடனே பதில் சொல்லும், 'இஸ்பிரைம்' நன்றாகக் காக்க வைக்கும். பெரிய எண்ணுக்கு எப்போதும் முன்னதை முதலில் ஓட்டி, அது 'ஆம்' என்ற பிறகே பின்னதை ஓட்டுவது நல்ல பழக்கம்.

'பிரைம்செர்ட்' கட்டளை நிரூபணத்தையே சான்றிதழாக எழுதித் தரும். அதை இன்னொருவர் தன் கணினியில், கண்டுபிடிக்க ஆன நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் சரிபார்க்கலாம். பிரைமோ மென்பொருளின் வடிவத்திலும் ஏற்றுமதி செய்யலாம். இலவசக் கருவி ஒன்றில் இது கிடைப்பது உண்மையிலேயே பெரிய கொடை.

'ஃபேக்டர்இன்ட்' கட்டளைக்குக் கொடுக்கும் கொடி எண் 8ஐப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். கடைசிக் கட்ட நீள்வட்ட வளைவுத் தேடலைத் தவிர்த்துச் சீக்கிரம் முடிக்கும் என்பதால் சிலர் இதை வழக்கமாகவே போடுகிறார்கள். அதன் விலை, உடையாத பெரிய பகு எண் ஒன்று பகாக் காரணி போலவே அட்டவணையில் உட்கார்ந்துவிடலாம். 'ஃபேக்டர்' கட்டளைக்கு எல்லை கொடுத்து, உதாரணமாகப் பத்து லட்சத்துக்குக் கீழ் உள்ள காரணிகளை மட்டும் தேடச் சொன்னாலும் இதே நிலைதான். கடைசியாக நிற்கும் எண் பகாததாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இரண்டு வழியும் பயனுள்ளவை. ஆனால் கடைசி வரிசையைத் தனியே 'இஸ்பிரைம்' போட்டுப் பார்க்காமல் விடக் கூடாது.

எங்கே மூச்சு வாங்குகிறது

இலக்க எண்ணிக்கையை மட்டும் வைத்து ஓர் எண்ணின் கடினத்தை மதிப்பிட முடியாது. ஃபெர்மா எண்கள், அதாவது 2ஐ 1, 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகிப் போகும் அடுக்குக்கு உயர்த்தி 1 கூட்டினால் வருபவை, இதை நன்றாகக் காட்டும். 2^128 + 1க்கு 39 இலக்கம். காரணிகள் 59649589127497217, 5704689200685129054721. மாரிசன், பிரில்ஹார்ட் இருவரும் 1970இல் இதை உடைத்தது அந்தக் காலத்துப் பெரும் சாதனை. ஜிபி சாதாரண மடிக்கணினியில் இதை நொடிக்கணக்கில் முடிக்கிறது. அடுத்தது 2^256 + 1, 78 இலக்கம். இதுவும் எளிது, ஏனெனில் ஒரு காரணி 1238926361552897 என்ற 16 இலக்கச் சிறிய எண். அது கிடைத்ததும் மிஞ்சும் 62 இலக்க எண் பகாதது. அடுத்தது 2^512 + 1, 155 இலக்கம். இங்கே 2424833 என்ற காரணி உடனே வரும். அதற்குப் பிறகு மிஞ்சும் 148 இலக்கப் பகு எண்ணில் உள்ள காரணிகள் 49 இலக்கமும் 99 இலக்கமும். ஜிபி இங்கே நின்றுவிடும். 1990இல் இதை உடைக்க எண் களச் சல்லடை என்ற புதிய முறையே தேவைப்பட்டது. அந்த முறை பாரி/ஜிபியில் இல்லை.

ஜிபி தன் வரிசையில் சிறு பகா எண்களால் வகுத்தல், போலார்டின் ரோ முறை, ஷாங்க்ஸின் வர்க்க வடிவ முறை, நீள்வட்ட வளைவு, இருபடிச் சல்லடை என்று போகிறது. சம அளவுள்ள இரண்டு பகா எண்களின் பெருக்கல் என்றால் 60 இலக்கத்துக்குச் சில வினாடி, 80 இலக்கத்துக்குப் பல நிமிடம் என்று எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு சில இலக்கத்துக்கும் நேரம் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். அந்த எல்லையில் யாஃபு போன்ற, கணினியின் எல்லாக் கோர்களையும் வேலை வாங்கும் தனிக் கருவிக்கு மாறிவிட வேண்டும். 100 இலக்கத்துக்கு மேல், எண் களச் சல்லடையை நடத்தும் காடோ-என்எஃப்எஸ். 250 இலக்கம் கொண்ட ஆர்எஸ்ஏ-250 எண் 2020இல் அந்த மென்பொருளால்தான் உடைக்கப்பட்டது. ஒரு கோர் மட்டும் உழைத்திருந்தால் 2700 ஆண்டு எடுத்திருக்கும் வேலை அது.

நீண்ட ஓட்டத்தை நடுவில் கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால் அதுவரை கிடைத்த காரணிகளும் போய்விடும். இதைத் தவிர்க்க, தொடங்குமுன் பிழைத்திருத்த நிலையை 4 வரை உயர்த்தி வையுங்கள். எந்த முறையில் இருக்கிறது, எந்தக் காரணி கிடைத்தது என்று திரையில் எழுதிக்கொண்டே போகும். கிடைத்த பெரிய காரணியையோ, யாஃபுவில் கண்டெடுத்ததையோ 'ஆட்பிரைம்ஸ்' கட்டளையில் கொடுத்துவிட்டால் அதன் பிறகு எல்லாக் காரணிப்படுத்தலிலும் ஜிபி அதை முயன்று பார்க்கும். வேறு கருவியில் உடைத்துக்கொண்டு குணங்களை ஜிபியில் கேட்பதற்கு இதுதான் பாலம்.

வகுத்திகள் நிறைந்த எண்

எதிர்த் துருவத்திலிருந்து ஓர் எண்: 6746328388800. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இவ்வளவு வகுத்திகள் இல்லை என்ற தகுதி உடைய உயர்பகு எண். ராமானுஜன் 1915இல் வெளியிட்ட கட்டுரையின் அட்டவணை இந்த எண்ணோடு முடிகிறது. காரணிகள் 2^6 × 3^4 × 5^2 × 7^2 × 11 × 13 × 17 × 19 × 23. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 10080 வகுத்திகள். 'நம்டிவ்' அதையே சொல்கிறது. வகுத்திகளின் கூட்டுத்தொகை 39413832353280. இலக்கக் கூட்டுத்தொகை 63, எண்ணை மீதியின்றி வகுக்கும், ஆகவே இது ஹர்ஷத் எண்.

மிகை, குறை, நிறை என்று வகைப்படுத்த ஜிபியில் தனிக் கட்டளை இல்லை, தேவையும் இல்லை. 'சிக்மா'வுக்கு இரண்டாவது மதிப்பாக −1 கொடுங்கள். கூட்டுத்தொகைக்கும் எண்ணுக்கும் உள்ள விகிதம் சுருக்கிய பின்னமாகவே வந்துவிடும். இந்த எண்ணுக்கு 1039368/177905, அதாவது 5.84க்குச் சற்று மேல். 2ஐத் தாண்டியதால் மிகை எண். 2658455991569831744654692615953842176 என்ற 37 இலக்க எண்ணுக்கு இதே கட்டளை சரியாக 2 என்று தரும். அது 2^60 × (2^61 − 1), ஒன்பதாவது நிறை எண். அதே எண்ணைப் பலகோண எண் கட்டளையில் 3 என்று கொடுத்துக் கேட்டால், 2305843009213693951ஆவது முக்கோண எண் என்ற பதிலும் கிடைக்கும். மெய்யெண்ணாகத் தோராயம் தராமல் பின்னமாகத் தருவது எவ்வளவு முக்கியம் என்பது இங்கே புரியும். 2க்கு மிக அருகில் வரும் எண்ணையும் 2ஐயே தொடும் எண்ணையும் தசமப் புள்ளியை வைத்துப் பிரிக்க முடியாது.

உயர்பகு எண்ணா என்று சோதிக்கும் கட்டளையும் ஜிபியில் இல்லை. இது உண்மையான இடைவெளி. நாமே எழுத வேண்டும், எழுதும் முறையும் முக்கியம். ஒவ்வோர் எண்ணாக வகுத்திகளை எண்ணிக்கொண்டு போனால் 13 இலக்கத்தை எட்டவே முடியாது. 2இல் தொடங்கி அடுத்தடுத்த பகா எண்களுக்கு அடுக்குகள் கூடாமல் சமமாகவோ குறைந்தோ செல்லும் எண்களை மட்டும் உருவாக்குங்கள். எந்த உயர்பகு எண்ணும் அந்த வடிவில்தான் இருக்க முடியும். அவற்றை ஏறுவரிசையில் அடுக்கி, வகுத்தி எண்ணிக்கை முந்தைய உச்சத்தைத் தாண்டும் எண்களை மட்டும் பொறுக்கினால் போதும். ராமானுஜனின் அட்டவணையில் விடுபட்ட ஒரே எண்ணான 293318625600 இந்த வழியில் தானாகவே வெளிப்படும். அதற்கு 5040 வகுத்திகள். அதற்கு முந்தைய உயர்பகு எண் 240940299600க்கு 4800, பிந்தைய 321253732800க்கு 5376. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது அதே அட்டவணையின் கடைசி எண்ணான 6746328388800 என்பதையும் ஜிபியில் பெருக்கிப் பார்க்கலாம். கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட அவ்வளவு நீண்ட அட்டவணையில் ஒன்றே ஒன்றுதான் தப்பியது என்பதில் வியப்பு கூடத்தான் செய்கிறது.

மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்

உலாவியிலேயே காரணிப்படுத்த விரும்புபவர்களுக்கு டாரியோ அல்பெர்னின் கணிப்பான் நன்றாக வேலை செய்யும். காரணிகளோடு எண்ணை வர்க்கங்களின் கூட்டலாகவும் பிரித்துக் காட்டுவது அதன் தனிச்சிறப்பு. ஜிபியில் அதற்கு நிரல் எழுத வேண்டும். ஆனால் ஆயிரம் எண்களை வரிசையாகச் சோதித்து வடிகட்டும் வேலைக்கு உலாவிக் கணிப்பான் சரிப்படாது. ஜிபியின் நிரல் மொழி அங்கேதான் தன் பலத்தைக் காட்டுகிறது.

ஃபேக்டர்டிபி கணக்குப் போடும் கருவியைவிடக் களஞ்சியம் என்பதே பொருத்தம். பிறர் ஏற்கெனவே உடைத்த எண்கள் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். நிரூபித்த பகா எண், பகாததாக இருக்கக்கூடிய எண், முழுதாக உடைந்தது, பாதி உடைந்தது, பகு எண் ஆனால் ஒரு காரணியும் தெரியாதது என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிலைக்குறி உண்டு. பாரி/ஜிபியின் அட்டவணையில் இல்லையே என்று மேலே வருந்திய தெளிவு அங்கே இருக்கிறது. 20ஆவது ஃபெர்மா எண்ணான 2^1048576 + 1 கடைசி வகை. பகு எண் என்று 1980களிலேயே தெரியும், ஒரு காரணியும் இன்றுவரை கிடைக்கவில்லை. 80 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணை ஜிபியில் ஓட்டுமுன் அங்கே ஒருமுறை தேடுவது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கோடிக்கணக்கான இலக்கம் கொண்ட பகா எண்கள் பாரி/ஜிபியின் களம் அல்ல. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2^136279841 − 1க்கு 41024320 இலக்கங்கள். அந்த அளவுக்கு, மெர்சென் வடிவப் பகா எண்களைத் தன்னார்வலர்களின் கணினிகளில் தேடும் ஜிம்ப்ஸ் திட்டத்தின் சிறப்பு மென்பொருள்களே தகும்.

பாரி/ஜிபியின் உதவி அமைப்புக்கு முழு மதிப்பெண். ஒரு கேள்விக்குறியும் கட்டளைப் பெயரும் தட்டினால் சுருக்கக் குறிப்பு, இரண்டு கேள்விக்குறி தட்டினால் எந்த முறை, எந்த எல்லை, எந்தச் சூழலில் பதில் நிரூபணமாகாது என்பது வரை விரிவான விளக்கம். எல்லாம் ஆங்கிலத்தில்தான். இரண்டு எண்குறி தட்டினால் கடைசிக் கணக்குக்கு ஆன நேரத்தைச் சொல்லும். பிழைச் செய்திகள் மட்டும் புதியவர்களுக்குக் கடுமையாக இருக்கும். தவறான வகை என்று சொல்லி நிறுத்திவிடும், மெய்யெண்ணைக் கொடுத்ததால் வந்த வினை அது என்று விளக்காது.

பழைய லினக்ஸ் வெளியீடுகளின் களஞ்சியத்தில் பல ஆண்டு பழைய பதிப்பு இருக்கக்கூடும். தொடங்கியதும் முதல் வரியில் தெரியும் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 2.13க்கு முந்தையதாக இருந்தால் அதை நீக்கிவிட்டு, திட்டத்தின் தளத்திலிருந்து மூல நிரலை இறக்கித் தொகுத்துக்கொள்ளுங்கள். தொகுக்கும்போது, பெரிய எண்களின் கணக்குகளை வேகமாகச் செய்யும் ஜிஎம்பி நூலகம் கணினியில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வது அவசியம். அது இல்லாமலும் பாரி ஓடும், ஆனால் நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்குப் போகும்போது பெருக்கல் வேகம் குறைந்துவிடும். இருந்தால் தொகுப்பின் தொடக்கச் செய்தியிலும், ஜிபி திறக்கும்போது வரும் வரிகளிலும் ஜிஎம்பியின் பெயர் தெரியும்.